கால் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது: கர்நாடக வயலினும் பெடலும்

ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்களைப் பற்றி எதைப் படித்தாலும், வாசிக்கிறவர் எழுந்து நிற்கிறார் என்ற எண்ணத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு ஒரு கால் நிற்க, மறு கால் மிதிக்க. நாங்கள் அப்படி வாசிப்பதில்லை. பாயில் சம்மணமிட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னே விட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை இடது தோளோடு அணைத்துக்கொள்கிறோம். வலது கால் அசைந்தால் வயலின் அசையும்; வயலின் அசைந்தால் ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகம் கெடும். இடது கால் மடிந்து கிடக்கிறது. வலது கையில் வில், இடது கை தந்தியில். பெடலை மிதிக்க எது மிச்சம்?

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பதும், கோயில் வீதி மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் வாசிப்பதும் என் வேலை. லப்டொப்பில் ரிவேர்ப் (மண்டபத்து முழக்கம்), டிலே (எதிரொலி), லூப்பர் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எல்லாம் போட்டு வாசிக்கத் தொடங்கிய பிறகு, "எந்த சொப்ட்வெயார் சேர்?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். மென்பொருள் சின்ன விஷயம். நல்லதாக, இலவசமாகவே நிறைய இருக்கிறது. நம் சங்கீதத்துக்கு அதை எந்த நிமிஷத்தில் திறந்து எந்த நிமிஷத்தில் மூடுவது, அதை உடம்பின் எந்தப் பகுதி செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டு முழுக்க ஒரே அளவில் எதிரொலி வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமே, மேடையில் எதற்கு?

காலாலும் முழங்காலாலும் ஒலியை ஆளுவது புதுப் பழக்கமும் இல்லை. இசை நாடக மேடைகளில் கால் ஹார்மோனியம் இருந்தது. காற்றைக் கால் பார்த்துக்கொள்ள, இரண்டு கையும் கட்டைகளில் ஓடும். அதே குடும்பத்து ரீட் ஓர்கன்களில் முழங்காலால் தள்ளினால் சத்தம் பெருகும் ஒரு நெம்புகோலும் உண்டு. மின்சாரப் பெடல்கள் பிறகு வந்தவை. 1961இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஓர் ஒலிப்பதிவின்போது மிக்ஸரில் ஒரு சேனல் பழுதாகி, பேஸ் கிட்டார் கரகரத்தது. அந்தக் கரகரப்பு பிடித்துப்போனதன் தொடர்ச்சியாக 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் சந்தைக்கு வந்தது. கால் சாய்வுக்கு ஏற்ப ஒலியின் நிறத்தை மாற்றும் வா-வா பெடல் 1967இல். 1983இல் இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி வந்தபிறகு, காலடியில் இருக்கும் பெட்டிக்குள் ஒலியே போக வேண்டியதில்லை என்றாகிவிட்டது. பெட்டி 0 முதல் 127 வரை ஓர் எண்ணை மட்டும் அனுப்பும். அந்த எண்ணை வைத்து என்ன செய்வதென்று கணினி தீர்மானிக்கும். எங்களுக்கு வேண்டியது இந்த வசதிதான். எண்ணை அனுப்புவது கால்தான் என்று யார் சொன்னது?

எனக்கு வழி காட்டியது என் மாமியின் தையல் மெஷின். கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறவர்களிடம் இருக்கும் பெரிய மெஷின்களில், மேசைக்கு அடியில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தகடு தொங்கும். இரண்டு கையாலும் துணியைப் பிடித்தபடி முழங்காலால் அதைத் தள்ளினால் ஊசிக்குப் பக்கத்தில் துணியை அமுக்கும் பாதம் மேலே எழும்பும். மாமி அதைத் தள்ளுகிறார் என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாது. சம்மணமிட்டிருக்கும்போது என் இடது முழங்கால் நிலத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. கீழே லேசாக அழுத்தினால் வயலின் அசையாது. வலது காலில் கணுக்கால் அசையக்கூடாது, ஆனால் பெருவிரல் தனியாக அசையும். ஆக, இரண்டு இடம் கிடைத்தது. அழுத்தி அழுத்திக் கூட்டிக் குறைக்க இடது முழங்கால்; ஒன்று, இரண்டு என்று தட்ட வலது பெருவிரல்.

முழங்காலுக்கு நான் வைத்திருப்பது அழுத்தத்தை உணரும் ஒரு மெல்லிய தகடு. எஃப்எஸ்ஆர் என்று கேட்டால் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கிறவர்களுக்குத் தெரியும். அழுத்த அழுத்த அதன் மின்தடை குறையும். இதை அர்டுயினோ லியனார்டோ போன்ற, நிரல் எழுதக்கூடிய சின்ன இலத்திரனியல் பலகையோடு இணைத்தால், கணினி அதை ஒரு மிடி கருவியாகவே எடுத்துக்கொள்ளும். அர்டுயினோ ஊனோ வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாக இதற்கு ஒத்துவராது. பலகை 0 முதல் 1023 வரை வாசிக்கும். 8ஆல் வகுத்தால் மிடியின் 0–127 கிடைத்துவிடும். இதில் இரண்டு சங்கதி முக்கியம். முழங்கால் சும்மா கிடந்தாலே அதற்கு ஒரு பாரம் உண்டு, ஆகவே அந்த அளவுக்குக் கீழே வருவதையெல்லாம் பூச்சியமாக எடுக்கும்படி நிரலில் எழுத வேண்டும். அடுத்தது, எண் ஒரே இடத்தில் நிற்காது. 63, 64, 63 என்று துடித்துக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த சில வாசிப்புகளின் சராசரியை அனுப்பினால் அடங்கிவிடும். பெருவிரல் சுவிட்சுக்கும் இதே மாதிரி ஒரு குணம் உண்டு. ஒரு தட்டுக்கு உள்ளே இருக்கும் உலோகம் சில மில்லிசெக்கனுக்குள் பல தடவை துள்ளும். முதல் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த 20 மில்லிசெக்கனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சரி.

இந்தத் தகட்டில் அசையும் பாகமே இல்லை. எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய புண்ணியம். கடற்கரைப் பக்கத்து மேடையில் ஒரு இரவு வைத்துவிட்டு வந்தால் பெடலுக்குள் மணல் போயிருக்கும். மணல் போன பொட்டென்சியோமீட்டர் (அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) திருப்பத் திருப்ப ஸ்பீக்கரில் கரகரக்கும். உப்புக்காற்று பிளக்கின் வாயைப் பச்சையாக்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசி வேறு. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாப் பிளக்கையும் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் நான் சாப்பிடவே போவேன்.

சரி, ஒலியைப் பிடிக்கும் பக்கத்துக்கு வருவோம். வயலின் தந்திகளைத் தாங்கும் குதிரையில் ஒட்டி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பியசோ பிக்கப்தான் எங்களில் பலரிடம் இருப்பது. அது விலை குறைவு. மேடையில் மிருதங்கத்தின் சத்தத்தை வாங்காமல் வயலினை மட்டும் தரும். ஆனால் அதை நேரே மிக்ஸரின் லைன் துளையிலோ லப்டொப்பின் மைக் துளையிலோ செருகினால் தகரத்தில் தட்டினாற்போலக் கேட்கும். பிழை பிக்கப்பில் இல்லை. பியசோவின் பலவீனமான மின்னோட்டத்துக்கு எதிரே 10 லட்சம் ஓம் அளவில் பெரிய தடை இருக்க வேண்டும். லைன் துளையில் அது 10 ஆயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அந்த வித்தியாசம் அடிஸ்தாயியின் சதையையெல்லாம் தின்றுவிடும். இடையில் 9 வோல்ட் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன ப்ரீ-ஆம்ப் வைத்தால் அதே பிக்கப்பில் வேறு வயலின் கேட்கும். இதைச் செய்யாமல் ஆயிரம் எஃபெக்ட் போட்டாலும் தகரத்துக்குத்தான் ரிவேர்ப் போடுகிறோம்.

அப்புறம் தாமதம். வில் பட்டதும் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று வைத்து, பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் மாதிரிகளை) 128இல் விட்டால் ஒரு பஃபர் நிறைய 2.7 மில்லிசெக்கன். 1024இல் விட்டால் 21. உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, நடுவில் யூஎஸ்பியின் பங்கு வேறு. 128 வைத்தாலும் மொத்தம் 8, 10 மில்லிசெக்கன் வந்துவிடும். காற்றில் ஒலி 10 மில்லிசெக்கனில் 3.4 மீட்டர் போகும். ஆகவே அது ஸ்பீக்கர் அவ்வளவு தூரத்தில் இருப்பதற்குச் சமம். மேடையில் அது பழகிய தூரம்தான். வயலின்காரருக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு: வில்லின் தொடக்கம் மெதுவானது, மிருதங்கத்தின் அடி மாதிரிக் கூர்மையானது இல்லை. 30 தாண்டினால்தான் என் கை தடுமாறுகிறது. பழைய லப்டொப்பில் சிறிய பஃபர் வைத்தால் டப் டப் என்று ஒலி வெட்டும். வைஃபையை அணைத்துப் பாருங்கள், பாதி வெட்டு அங்கேயே போய்விடும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ டிரைவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மென்பொருளைப் பற்றி இரண்டு வரி போதும். லினக்ஸில் கிட்டாரிக்ஸ், சூப்பர்லூப்பர், கார்லா எல்லாம் இலவசம். விண்டோஸில் ரீப்பர் வைத்திருக்கிறேன். பழைய கணினியிலும் பாரமில்லாமல் ஓடும். திரையில் ஒரு குமிழைத் தெரிந்து, "லேர்ன்" கொடுத்து, முழங்காலை ஒரு தடவை அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முழங்காலை எதோடு ஒட்டினாலும் வொல்யூமோடு ஒட்டாதீர்கள். கிட்டாருக்கு அது தேவை, மீட்டிய தந்தி தேய்ந்துகொண்டே போகும். எங்களுக்கு வில் இருக்கிறது. வில்லைவிட நன்றாக வொல்யூமை ஆளும் பெடல் எதுவும் கிடையாது.

இனி எந்த எஃபெக்ட் எப்போது என்ற கேள்வி. இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது: அதை ராகம்தான் தீர்மானிக்க வேண்டும். மோகன ராகத்தில் ஸரிகபத என்று ஐந்தே ஸ்வரங்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கின்றன. மூன்று செக்கன் ரிவேர்ப் போட்டாலும் போன ஸ்வரத்தின் வால் வருகிற ஸ்வரத்தோடு சண்டை பிடிக்காது. அதே ரிவேர்ப்பைத் தோடிக்குப் போட்டால் சுத்த ரிஷபத்தின் (ரி) வால் பக்கத்து ஷட்ஜத்தின் (ஸ) மேல் விழும். காந்தாரத்தின் (க) அசைவு அழிந்து வெறும் புகையாகிவிடும். கமகம் என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி. ரிவேர்ப் அந்த வழியை மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டும். தோடிக்கு ஒரு செக்கனுக்குள், அதுவும் மெல்லியதாகப் போதும். இன்னொன்று, மேடை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கொங்கிறீற் மண்டபத்தில் ரிவேர்ப் தேவையே இல்லை, மண்டபமே தரும். கடற்கரைத் திறந்தவெளியில் சுவரே இல்லாதபடியால் வயலின் வரண்டுபோய் நிற்கும். அங்கே கொஞ்சம் ரிவேர்ப் போட்டால், கேட்கிறவரைவிட வாசிக்கிறவருக்குத்தான் அது உயிர் கொடுக்கும்.

ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாத ஸ்வரங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். என் முழங்காலின் வேலை முழுவதும் அந்தப் பாடத்தில்தான் நிற்கிறது. ஒக்டேவ் எஃபெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வாசிப்பதற்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரலை அது சேர்க்கும், செல்லோ கூட வாசிப்பதுபோல. ஆனால் எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்க அதற்கு நேரம் வேண்டும். 200 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஓர் அலைக்கே 5 மில்லிசெக்கன், சில அலைகளாவது பார்த்தால்தான் அது முடிவுக்கு வரும். 2048 மாதிரிகளை ஒன்றாக எடுத்து அலசும் மென்பொருள் என்றால் ஒரு பார்வைக்கு 43 மில்லிசெக்கன். நீண்ட ஸ்வரத்துக்கு இது ஒன்றுமில்லை. கம்பிதம் என்ற கமகத்தில் ஸ்வரம் ஒரு நொடிக்குள் ஐந்தாறு தடவை ஆடும்போது கீழ்க்குரல் பின்னால் தடுமாறி, படியில் இறங்குவதுபோலத் துண்டு துண்டாகக் கேட்கும். ஆகவே ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போது முழங்காலை மெல்ல அழுத்துகிறேன், கீழ்க்குரல் எழும்புகிறது. காந்தாரத்துக்குப் புறப்படும் முன் விடுகிறேன், வெறும் வயலின் மட்டும். இது கைக்கு வந்துவிட்டால், சரி, முழங்காலுக்கு வந்துவிட்டால், ஆலாபனையில் நிறுத்தங்களுக்கெல்லாம் வேறொரு ஆழம் கிடைக்கிறது.

இதில் ஒரு நுட்பம். எஃபெக்டை முழுவதாக அணைக்கும் சுவிட்சாக இதைச் செய்தால், அணைக்கும்போது ரிவேர்ப்பின் வால் வெட்டுப்பட்டுப்போகும். காது உடனே கண்டுபிடிக்கும். எஃபெக்டுக்குள் போகிற ஒலியை மட்டும் முழங்கால் கூட்டிக் குறைக்கட்டும். உள்ளே ஏற்கெனவே போனது தன் பாட்டில் தேய்ந்து முடியும்.

ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டோர்ஷனைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் வயலின் சுருதி கூட்டும் முறைக்கும் அதற்கும் ஓர் அழகான உறவு இருக்கிறது. நாங்கள் ஸ-ப-ஸ-ப என்று தந்திகளைச் சேர்க்கிறோம். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் 360. இரண்டையும் சேர்த்து டிஸ்டோர்ஷனுக்குள் விட்டால், அது இரண்டின் வித்தியாசத்தையும் ஒலியாக்கித் தரும்: 120, அதாவது கீழ் ஷட்ஜம். ரொக் கிட்டார்காரர்கள் பவர் கோர்ட் என்று விரலால் பிடிக்கிற அதே சங்கதி எங்களுக்கு விரலே வைக்காமல் திறந்த தந்தியில் கிடக்கிறது. ஷட்ஜத்தோடு சுத்த மத்யமத்தை விட்டுப் பாருங்கள். 240உம் 320உம், வித்தியாசம் 80. அது மத்யமத்தின் இரண்டு ஸ்தாயி கீழ். ஆதாரமே ஷட்ஜத்தை விட்டு மத்யமத்துக்கு நகர்ந்துவிட்டதுபோல மயக்கும். இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கணக்காகச் சொன்னால் தூக்கம் வரும், காதால் கேட்கவைத்தால் கண் விரியும்.

பெருவிரலுக்கு டிலேயும் லூப்பரும். நிமிடத்துக்கு 75 அடி என்றால் ஓர் அடிக்கு 800 மில்லிசெக்கன். எதிரொலியை 600இல் வைத்தால் முக்கால் அடி தள்ளி விழுந்து நடை அழகாகப் பின்னிக்கொள்ளும். ஆனால் கச்சேரியில் காலப்பிரமாணம், அதாவது வேகம், கடிகாரம் இல்லை. எனக்கு மிருதங்கம் வாசிக்கும் அண்ணை முதல் நாளே சொன்னார்: "தம்பி, உந்த எதிரொலி நல்லாத்தான் தாளம் போடுது. ஆனா நான் ஓடினா அது ஓடாதே." அவருக்காகத்தான் பெருவிரல் சுவிட்சில் டெப் டெம்போ வைத்தேன். அவர் நகர்ந்தால் நான் நாலு அடி தட்டுகிறேன், எதிரொலி அவர் பின்னால் போகிறது. லூப்பரில் எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், இதே வேகத்தில் 6.4 செக்கன். தொடக்கத்திலும் முடிவிலும் சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) தட்ட வேண்டும். இரண்டு தட்டும் ஒரே அளவு பிந்தினால் லூப்பின் நீளம் சரியாகவே இருக்கும். ஒன்று பிந்தி மற்றது முந்தினால்தான் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போய், ஏழெட்டு ஆவர்த்தனத்தில் அண்ணை தலையை நிமிர்த்திப் பார்ப்பார். ஆகவே விரலுக்குத் தேவை வேகம் இல்லை, மாறாத பழக்கம். நான் வயலினை எடுக்காமல், தம்புரா மட்டும் ஓடவிட்டு, பெருவிரலால் ஆவர்த்தனம் தட்டிச் சாதகம் செய்கிறேன்.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்க் கட்டுரை முடியாது. 2022இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது, லப்டொப் பற்றரியில் முழு நிகழ்ச்சியும் ஓடுமா என்று பார்த்துப் பார்த்து எஃபெக்டுகளைக் குறைத்தேன். அது நல்ல பயிற்சியாகவே முடிந்தது, ஒரு ரிவேர்ப், ஒரு ஒக்டேவ், ஒரு டிலே, ஒரு லூப்பர் என்று இன்றைக்கும் அவ்வளவுதான். பற்றரியில் ஓடுவதில் இன்னொரு சுகமும் உண்டு. சார்ஜரைச் செருகியதும் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வருமே, அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் குரல். அதன் பின்னால் 100, 150, 200 என்று வரிசையாக வரும். 50ஐயும் 100ஐயும் வடிகட்டியால் வெட்டிவிடலாம், சாதாரணமாக வயலினுக்கு அங்கே வேலையில்லை. 150க்கு மேலே வயலினே இருக்கிறது, வெட்ட ஏலாது. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் போனால் காரணம் எர்த். எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பொக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்றை மிக்ஸருக்கு முன் வையுங்கள். சவுண்ட்ஸ்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரே கொண்டுவருவார்.

"இதெல்லாம் கர்நாடக சங்கீதமா?" என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எடுத்து வாசிக்கும்வரை வயலினே நம்முடையது இல்லை. எல். சங்கர் பத்துத் தந்தி இரட்டை வயலினை மின்சாரத்தில் வாசித்தார். யூ. ஸ்ரீநிவாஸின் மின் மண்டலின் இல்லாத கர்நாடக உலகத்தை இன்று நினைக்க முடியுமா? அவர்கள் கையில் மின்சாரம் கமகத்துக்கு இடம் விட்டது. நானும் அதைத்தான் காப்பாற்றப் பார்க்கிறேன்.

இப்போது பக்கத்து வீதியில் நாதஸ்வரம் படிக்கும் ஒரு பெடியன் வந்து, எந்தப் பெடல் வாங்குவது என்று கேட்கிறான். அவனுக்கு என்னைவிட வசதி, நின்றும் வாசிப்பான், இரண்டு காலும் சும்மா இருக்கின்றன. பெடல் எது வாங்கினாலும் மிதிக்கலாம். ஆனால் நாதஸ்வரத்தில் பியசோ ஒட்ட முடியாது, மைக்தான். பக்கத்தில் தவில். அவனுடைய மைக்கில் தவிலும் சேர்ந்து விழும், நாதஸ்வரத்துக்குப் போடும் ஒவ்வொரு எதிரொலியும் தவிலுக்கும் போகும். மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதிக்கு) கிட்ட வைத்தால் கீழ் ஸ்வரம் மட்டும் பெருக்கும்; துளைகளுக்கு எதிரே வைத்தால் தவில் கூடுதலாக வரும். பெடலை அப்புறம் பார்க்கலாம், முதலில் இரண்டு மைக்கோடு வா, தவில்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.